குந்தி வேலை செய்வோர் கால் நரம்பைக் காத்துக்கொள்வது எப்படி?

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் எலும்பு முண்டை ஒட்டியே, பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்கும் நரம்பு தோலுக்கு மிக அருகில் வளைந்து செல்கிறது. களையெடுக்கவோ தரையில் ஓடு பதிக்கவோ மணிக்கணக்கில் குந்தியிருந்தாலும், ஓயாமல் கால்மேல் கால் போட்டு அமர்ந்தாலும், அந்த நரம்பு அழுந்திச் செயலிழக்கலாம். குறுகிய காலத்தில் உடல் மிகவும் மெலிந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

ஆகவே, கால் மரத்துப்போகும் வரை காத்திராமல் அடிக்கடி எழுந்து சில அடிகள் நடக்க வேண்டும். இயன்றவரை தாழ்வான முக்காலியில் அமர்ந்து வேலை செய்வது நல்லது.

எழுந்தபின் குதிகாலை மட்டும் ஊன்றி நடந்து பாருங்கள். முன்பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, நடக்கையில் செருப்பின் நுனி தரையில் உரசினாலோ, வலி இல்லையே என்று பலரும் செய்வதுபோல் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள்; உணர்வற்ற தோல் கொப்புளிப்பதுகூடத் தெரியாது. நரம்பில் மின்துடிப்பு எப்படிச் செல்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை, பாதிப்பு எங்கே, எவ்வளவு என்று காட்டும். பாதத்தைத் தாங்கும் பட்டையும் இயன்முறைப் பயிற்சியும் பெரும்பாலும் தேவைப்படும். இடுப்பு வலியோடு சிறுநீர் கழிப்பதிலும் சிக்கல் இருந்தால், அது முதுகுத்தண்டுப் பாதிப்பாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.