தூள் வழக்கு: கிராம் கணக்கில் நடக்கும் தவறுகள்

திருகோணமலையில் யாராவது தூளுடன், அதாவது ஹெரோயினுடன், பிடிபட்டால் முதலில் பரவுவது எடைதான். "மூன்று கிராமாம், இனித் தூக்குத்தான்" என்பார்கள். பொலிஸ் தராசு காட்டுவது கலப்படமும் சேர்ந்த மொத்த எடையை. தண்டனைக்கு எடுக்கப்படுவது அரச பகுப்பாய்வாளர் அறிக்கையிலுள்ள தூய ஹெரோயின் அளவு. அது வரமுன் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தூய அளவு 2 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால், போதைப்பொருள் சட்டத்தின் 1984 திருத்தத்தின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. ஐஸுக்கு (மெத்தம்பெட்டமைன்) 2022 திருத்தம் வைத்த எல்லை 5 கிராம். "விற்கவில்லை, பாவிக்கத்தான் வைத்திருந்தான்" என்ற வாதம் இந்த எல்லைக்கு மேல் காப்பாற்றாது; உடைமையில் வைத்திருந்தாலே அதே தண்டனை. கூலிக்குப் பொதி காவியவன் என்றாலும் பணம் முதலிட்டவன் என்றாலும் நீதிபதி ஆயுள் சிறைக்குக் கீழே இறங்க இடமில்லை. 1.9 கிராமுக்கும் 2 கிராமுக்கும் இடையில் ஒரு ஆயுள் கிடக்கிறது. சட்டத்தின் அநியாயம் இங்கேதான். ஆனால் மேடைகளில் தூக்குக் கயிறுதான் பேச்சு. 1976க்குப் பின் இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு பேரைத் தூக்கிலிடும் ஆணையில் ஒப்பமிட்டும் உயர் நீதிமன்றம் தடுத்தது. காவியவன் உள்ளே போனால் அந்த இடத்துக்கு இன்னொருவன் வருவான், இல்லாத தூக்குக்கு யார் பயப்படுவது?

குடும்பத்தார் விடும் தவறு பிணையில். இந்தப் பாரதூரமான வழக்குகளில் நீதவான் பிணை தரமுடியாது. தூய அளவு 10 கிராமுக்குக் கீழ் என்றால் மேல் நீதிமன்றம், 10 அல்லது மேலென்றால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். இரண்டிலும் விதிவிலக்கான காரணம் காட்டவேண்டும். "வீட்டில் உழைப்பவன் இவன்தான்" என்பது தனியே போதாது.

பொதி எங்கே நிறுக்கப்பட்டது, யார் முன் முத்திரையிடப்பட்டது, யார் கையால் யாருக்குப் போனது, எப்போது பகுப்பாய்வுக்கு அனுப்பப்பட்டது: இவற்றைச் சட்டத்தரணி ஆரம்பத்திலேயே கேட்கட்டும். எங்காவது கை மாறியதற்குப் பதிவில்லை என்றால், வழக்கே ஆட்டம் காணலாம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் ஒப்பமிட வேண்டாம். பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சான்றாகாது, உண்மைதான்; ஆனால் பின்னர் மாற்றிச் சொன்னால் முரண்பாடாக அதே தாள் நீட்டப்படும்.

பாவனையில் இருப்பவரைப் பிடிபடும்வரை மறைத்து வைப்பதும் தவறு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி அவர் தானாகவே சிகிச்சைக்குச் சேரலாம், அதற்கு வழக்கு எதுவும் தேவையில்லை.