பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் டிரம் பிரேக்கைச் சீராக்கும் முறை

புளியரை எஸ் வளைவில் ஏறிக் கேரள எல்லையான கோட்டைவாசலைக் கடந்து, ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்கு இறங்கும் சாலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள், பின் பிரேக் போதவில்லை என்றதும் பெரிய வீல் சிலிண்டர் (பிரேக் ஆயிலின் அழுத்தத்தால், டிரம்மின் உட்புறத்தில் உரசும் வளைந்த ஷூக்களைத் தள்ளும் சிறு உருளை) மாட்டலாமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. பிரேக் மிதிக்கும்போது பாரம் முன்னால் சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகிவிடுவதால், அங்கே விசையைக் கூட்டினால், சாரலில் நனைந்த வளைவில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். 1962-இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களில் 10 அங்குல டிரம் பிரேக்கும் அமைந்தது வீணுக்கல்ல.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, சக்கரத்தோடு சுழலும் டிரம்மைக் கழற்றுங்கள். ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங் பழையதென்றால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். ஈரம் கெட்டியாக, கந்தக வாடையுடன் இருந்தால் அது ஆக்ஸிலிலிருந்து சீல் வழியாகக் கசியும் கியர் ஆயில். ஒருமுறை என் வண்டி இறக்கத்தில் ஒரு பக்கமாக இழுத்ததற்கு இந்தச் சீல்தான் காரணம். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டிப் பார்த்தும் பயனில்லை, இரு பக்க ஷூக்களையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று.

பலரும் கவனிக்காமல் விடுவது ஷூவின் வளைவு. லேத்தில் கடைந்த டிரம்மின் விட்டம் கூடிவிடுவதால், புதிய ஷூ நடுவில் மட்டுமே தொடும். டிரம்மின் உட்புறம் முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, ஷூவை அதில் அழுத்தி இலேசாக அசைத்து எடுத்தால், வெள்ளை ஒட்டிய இடம் மட்டுமே பிரேக் பிடிக்கும் இடம் என்பது தெரிந்துவிடும். "அண்ணாச்சி, லைனிங்கை இந்த டிரம்முக்கே வளைவு பார்த்துக் கடைஞ்சு தாங்க" என்று லேத் பட்டறையில் டிரம்மையும் சேர்த்துக் கொடுங்கள். அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிய டிரம்மைக் கடையாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

பேக் பிளேட்டில் (ஷூக்களைத் தாங்கி டிரம்முக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் தகடு) ஷூ உரசும் மேடுகளில் பள்ளம் விழுந்திருந்தால் தேய்த்துச் சமமாக்கி, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிதாகத் தடவுங்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பின் வீல் சிலிண்டரே நகர்ந்துதான் இரண்டாவது ஷூவைத் தள்ளுகிறது. அது துருவில் இறுகிவிட்டால் பாதி பிரேக்தான். இதே அமைப்புடன் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் கை வைத்த மூத்த மெக்கானிக்குகளுக்கு இது புதிதன்று.

அட்ஜஸ்ட் செய்யும் முன் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட வேண்டும். லீவர் அதிகம் மேலே வருகிறதென்று கேபிளை இறுக்கினால், ஷூக்கள் தம் இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும். பேக் பிளேட்டில் உள்ள, ஷூக்களை டிரம்முக்கு நெருக்கும் அட்ஜஸ்டரின் சதுரத் தலையை, அதற்கேற்ற ஸ்பேனரால் சக்கரம் பூட்டும்வரை திருப்பி, பிரேக்கை ஒருமுறை மிதித்து, மீண்டும் இறுக்கிய பிறகு, சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குப் பின்வாங்குங்கள். கேபிளைக் கடைசியில் சரிசெய்யலாம்.

டாட் 4 என்ற தரத்திலான பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது; ஆகவே புதிய ஆயில் ஊற்றி, காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள்.

சமவெளிச் சாலையில் மென்மையாகப் பலமுறை நிறுத்தி லைனிங்கைப் படிய வைத்த பின், இரு பின் டிரம்களின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடேறாமல் இருந்தால், அந்தப் பக்கத்துச் சிலிண்டரை மீண்டும் கழற்றிப் பார்த்த பிறகே மலைப்பாதைக்குப் போகலாம்.