மனநோய்க்கான உதவித்தொகை: வீட்டார் செய்யக்கூடாத தவறுகள்

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்கு வரச் சொன்ன அன்று பிள்ளையைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார்கள். டாக்டர் கேட்டால், "இப்ப பரவால்ல சார், நல்லாத்தான் இருக்கான்" என்பார்கள். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் குறைத்துச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் அந்த ஒரு பதிலால் சான்றிதழ் கைநழுவிப் போகலாம்.

நோயின் பெயரை வைத்து மட்டும் பாதிப்பின் சதவீதம் போடுவதில்லை. ஐடியாஸ் என்ற அளவுகோலில் தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு; எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு கூடும். நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 7 வந்தால்தான் 40 சதவீதம். அதற்குக் கீழே போனால் மாத உதவித்தொகையான ஓய்வூதியம் கிடையாது. ஆகவே கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரே வர வேண்டும். சொல்லாமல் குளிப்பாரா, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார், ஏன் நின்றார் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பழைய ஓபி சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், நோயின் காலத்துக்கு அவைதான் சாட்சி.

சதவீதம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூட்டி வருவது இன்னும் மோசம். தயவுசெய்து வேண்டாம். அடங்கியிருந்த நோய் திரும்பினால் மீட்டுக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகலாம். மாத்திரை சாப்பிட்டும் எதெல்லாம் முடியவில்லை என்பதைச் சொன்னால் போதும்.

விண்ணப்பத்தில் மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அவசரத்தில் மாற்றிப் பதிந்துவிட்டால் அலைச்சல்தான்.

அப்புறம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்துவிட்டால் பணம் தானாக வந்துவிடாது. 2023 ஜனவரியில் 1000 ரூபாயிலிருந்து 1500 ஆக உயர்ந்த மாத ஓய்வூதியத்தை வருவாய்த் துறை தருகிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் தற்காலிகமா என்றும் பாருங்கள். அப்படியானால் முடியும் தேதிக்கு முன்பே மறுமதிப்பீட்டுக்குப் போய்விடுங்கள்.

சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்தவர்கள் பழக்கத்தில் நெல்லைக்கு வந்துவிடுகிறார்கள். தென்காசி 2019இலேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது, மனுவை அங்கே கொடுங்கள். நெல்லை மாவட்டத்தவர்கள் விண்ணப்பம் எங்காவது நின்றுவிட்டால், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.