‘ஒண்ணும் ஆகாது’ என்று யாராவது சொன்னால் என்ன செய்வது?

ரசாயன ஆலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். நான் விசாரித்த விபத்துகளில் கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்தது என்று ஒன்றுகூட இல்லை. நல்ல மனிதர்கள், ஒரு நிமிடம் நின்று யோசிக்காமல் செய்த காரியங்கள்தான் எல்லாமே. அதற்கு விலை கொடுத்தது பெரும்பாலும் வேறொருவர். வீட்டிலும் சாலையிலும் ஆட்சியிலும் நடப்பதும் இதேதான். அதனால் ஆலையில் எங்களுக்குப் பயன்படுகிற சில பழக்கங்களை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதல் பழக்கம், ‘யார் முட்டாள்’ என்று தேடுவதை விடுவது. 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த பெண்கள் காய்ச்சல் கண்டு கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை முடித்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் ஏறக்குறைய 2 சதவீதமாக இறங்கியது. அப்படியும் அன்றைய பெரிய மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ‘என் கையா கொன்றது?’ என்ற கேள்வியை அவர்களால் தாங்க முடியவில்லை. படித்தவர்கள், திறமைசாலிகள், நோயாளி மேல் அக்கறை உள்ளவர்கள். ஆளைப் பார்த்து எடைபோட்டால் இவர்களை நாம் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டோம்.

ஆகவே நேரத்தைக் கவனியுங்கள். தூக்கம் கெட்டிருக்கும் நேரம், மேலதிகாரி பக்கத்தில் நின்று அவசரப்படுத்தும் நேரம், கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டும் நேரம். அப்புறம், பல வருடமாக ஒன்றும் ஆகாமல் செய்து பழகிய வேலையைச் செய்யும் நேரம். என் அனுபவத்தில் கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசம்.

அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் காதில் விழும்: ‘ஒண்ணும் ஆகாது.’ இதைக் கேட்டதும் திட்டாதீர்கள், பாடம் எடுக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் ஆலையில் கழிவறை கழுவ வந்த இளைஞர் ஒருவர் ஒரு கையில் ப்ளீச் பாட்டிலும் இன்னொரு கையில் ஆசிட்டுமாக நின்றார். வாளியில் ப்ளீச்சை ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது.

“ரெண்டையும் சேர்த்தா கறை சீக்கிரம் போயிடும்ணே. ஒண்ணும் ஆகாது.”

“ஆச்சுன்னா என்ன ஆகும் தம்பி?”

அவர் யோசித்தார். ஆசிட் பாட்டிலின் மூடியைத் திருகி மூடிவிட்டு, “என்ன ஆகும்ணே?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்கு அப்புறம்தான் சொன்னேன்: இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் பெல்ஜியத்தில் ஈப்ர் போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயு. கதவு மூடிய சின்ன அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். மூடி திறந்திருந்தபோதே நான் கத்தியிருந்தால் அவர் பதறி ஊற்றியிருக்கவும் கூடும்.

பிடிவாதமாகப் பேசுகிறவரிடம் இன்னொரு வழி உண்டு. ‘ஏன் அப்படி நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் தன் கட்சியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ‘அது எப்படி வேலை செய்யும், ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ரோசன்ப்ளிட், கீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் செய்து பார்த்தார்கள். ஜிப், கழிப்பறை ஃப்ளஷ் போன்ற சாதாரணப் பொருட்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரியுமா என்றதற்கு, நன்றாகத் தெரியும் என்று மக்கள் தங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். விளக்கி எழுதச் சொன்னதும் அந்த மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். நான் இதைத் தினமும் பார்க்கிறேன். ஆள் பாதி விளக்கத்தில் தானாகவே நிற்பார். அப்போது நீங்கள் ‘சரி, சேர்ந்து பார்க்கலாம்’ என்று சொன்னால் போதும். அவமானப்படாமல் பின்வாங்க ஒருவருக்கு வழி வேண்டும்.

தவறு செய்பவர் உங்களைவிடப் பெரியவராக இருந்தால்? பயிற்சியில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதற்குத்தான். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. டச்சு விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். அனுமதி வருவதற்கு முன்பே ஒருமுறை புறப்பட முயன்றார். துணை விமானி சொன்னதும் நிறுத்தினார். இரண்டாம் முறையும் அதேபோல் கிளப்பினார். இந்தத் தடவை துணை விமானி தடுக்கவில்லை. அதே ஓடுபாதையில் எதிரே இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்த விமானப் பொறியாளருக்கு மட்டும் சந்தேகம். ‘அந்த விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா?’ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. சில நொடிகளில் இரண்டு போயிங் 747-களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

சரியான சந்தேகம் சரியான நேரத்தில் வந்தும் பயன்படவில்லை என்பது என்னை இன்றும் உலுக்குகிறது. அது கேள்வியாக வந்தது, ஒருமுறைதான் வந்தது. விமானத் துறை பிறகு இதற்கென்றே பயிற்சிகளை உருவாக்கியது. எங்கள் ஆலையில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: பெயர் சொல்லியோ பதவி சொல்லியோ கூப்பிடுங்கள். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். “சார், வால்வு திறந்திருக்கு, மோட்டாரைப் போடாதீங்க.” ‘போடலாமா சார்?’ என்று குழையாதீர்கள். கேட்காவிட்டால் மறுபடி, அதே சொற்களில், இன்னும் சத்தமாக. அதற்கும் கேட்காவிட்டால் நீங்களே கையை நீட்டி நிறுத்துங்கள்.

தவறு ஏற்கெனவே நடந்துவிட்ட இடத்தில் அதைப் பெருக்காமல் இருப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். மூடிய தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் மயங்கி விழுகிறார். மேலே நிற்பவர் நண்பர், உடனே குதிக்கிறார். அவரும் விழுகிறார். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள். மூக்கை நம்பவும் முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் அந்த நாற்றத்தை உணரும் திறனையே முதலில் கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குவார்கள். விழுந்தவரைக் காப்பாற்ற நினைத்தால் கத்தி ஆள் கூப்பிடுங்கள், மீட்புப் படைக்குச் சொல்லுங்கள், வெளியே இருந்தே காற்றை ஊதுங்கள். தனியாகக் காற்று தரும் கருவி இல்லாமல் இறங்காதீர்கள், உள்ளே கிடப்பவர் உங்கள் தம்பியாகவே இருந்தாலும். இதை எழுதும்போதே மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வதந்தியும் இப்படித்தான், ஒருவர் பின் ஒருவராக விழுவார்கள். 2020-ல் சாராயம் குடித்தால் கொரோனா வராது என்ற பேச்சு பரவி, ஈரானில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அனுப்பியவர்களில் பலர் அன்போடுதான் அனுப்பியிருப்பார்கள். உடம்பு, மருந்து பற்றி எது வந்தாலும் ஓர் இரவு கிடக்கட்டும். காலையில் ஒரு மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அனுப்பவும் நேரமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மனித புத்தியை நம்பி எதையும் விட்டுவைக்காதீர்கள், உங்கள் புத்தியையும் சேர்த்துத்தான். அந்த இளைஞர் வந்துபோன அன்றே ப்ளீச்சை ஓர் அறையிலும் ஆசிட்டை வேறு அறையிலும் வைத்துப் பூட்டினோம். சாவிகள் இரண்டு பேரிடம் இருக்கின்றன. இயந்திரத்தைப் பழுதுபார்க்கிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். அவர் வெளியே வரும்வரை யாராலும் சுவிட்சைப் போட முடியாது. வீட்டில் மருந்தையும் பூச்சிமருந்தையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள். குடிநீர் பாட்டிலில் வேறு எதையும் ஊற்றி வைக்காதீர்கள்.

நீங்கள் நாலு பேருக்குப் பொறுப்பாக இருப்பவர் என்றால், சந்தேகப்பட்டு வேலையை நிறுத்தியவரிடம் அந்தச் சந்தேகம் பொய்யாகப் போன நாளிலும் நன்றி சொல்லுங்கள், மற்றவர்கள் காதில் விழும்படி. ஒருமுறை முகம் சுளித்தால் போதும், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.