பாடசாலைச் சுற்றாடல் செயற்றிட்டத்தில் பிளாஸ்டிக் கழிவு: நாம் விடும் தவறுகள்

கொழும்பில் ஒரு பாடசாலையின் சுற்றாடல் கழகத்துக்கு உதவி வருகிறேன். பிளாஸ்டிக் கழிவில் கைவினைப் பொருள் செய்வதற்காக, எந்த வகுப்பு கூடுதலாக பிஸ்கட் உறை சேர்க்கிறது என்று ஒரு தவணை போட்டி வைத்தோம். இரண்டாம் கிழமையே ஒரு அம்மா வந்து, "உறை வேணுமெண்டே பிஸ்கட் வாங்கச் சொல்லி அழுறான்" என்றார். குப்பையைக் குறைக்க வந்தவர்கள் அதைக் கூட்டிக்கொண்டிருந்தோம். இப்போது சிற்றுண்டிச்சாலைக் கூடையில் ஒரு கிழமைக்கு விழுவதை எடை போட்டு, அதை மட்டும் எடுக்கிறோம். அந்த எடை குறைந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாராட்டு.

அடுத்தது, தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் கைவினைக்கு எடுப்பது. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கு மீள்சுழற்சி உண்டு. அதை வெட்டிப் பூவாக்கி, நிறம் தீட்டி, பசை ஒட்டினால் சேகரிப்பவர் எடுக்கமாட்டார். பால்மா பக்கெட், சிப்ஸ் உறை, ஷம்பூ பக்கெட் வேறு கதை. அவற்றில் பல, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மெல்லிய படைகளாக ஒன்றோடொன்று ஒட்டியவை. படைகளைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் அவை கடைசியில் குப்பைமேட்டுக்கே போகின்றன. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. நம் உழைப்பு போகவேண்டியது இந்த உறைகளுக்குத்தான்.

போத்தலுக்குள் உறைகளைத் திணித்துச் செய்யும் 'சூழல் செங்கல்' பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. பிழைகள் கூடுதலாக நடப்பதும் இதில்தான். போத்தலின் கொள்ளளவில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.33 கிராமாவது எடை இருக்கவேண்டும். அதாவது 500 மில்லிலீற்றர் போத்தல் ஏறக்குறைய 165 கிராம், ஒன்றரை லீற்றர் போத்தல் 500 கிராம். உறை ஒன்று 2 கிராம் என்று வைத்தாலும் பெரிய போத்தலுக்கு 250 உறை வேண்டும். பிள்ளைகள் இருபது முப்பதைப் போட்டு மூடிவிடுகிறார்கள். கையால் அமுக்கினால் பள்ளம் விழும் அந்தப் போத்தல்களால் கட்டிய இருக்கையில் யாரும் உட்கார முடியாது. தராசில் வைத்துப் பாருங்கள், தடியால் அடுக்கடுக்காக இறுக்குங்கள். கழுவாத பால்மா பக்கெட் உள்ளே போனால் எறும்பும் நாற்றமும் வரும். ஈரத்தோடு போனால் பூஞ்சணம். பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே அலசி, கொடியில் காயவிட்டால் போதும். ஒரு நல்ல போத்தலையும் இதற்காக இழக்கிறோம் என்பதால், எதைக் கட்டப்போகிறோம், எத்தனை வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள். கட்டியதை வெறும் வெயிலில் விடாதீர்கள். வெயில் பட்ட பிளாஸ்டிக் நொருங்கித் துகளாகும். மண்ணோ சீமெந்தோ பூசி மூடவேண்டும்.

துகள் என்றதும் 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கரையொதுங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பொறுக்கியவர்களுக்கு அந்த வேலை எவ்வளவு கடினம் என்று தெரியும். உறைகளைப் பொடியாக நறுக்கி மினுக்கம் ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம். ஒரு மழை பெய்தால் முற்றத்தில் சிந்தியது வடிகானுக்கும் வெள்ளவத்தைக் கால்வாய்க்கும் கடலுக்கும் போய்விடும். நீளப் பட்டிகளாக வெட்டிப் பாய்போல் பின்னுங்கள், ஊசி நூலால் தையுங்கள்.

நெருப்பு வேண்டாம். மெழுகுதிரியில் ஓரம் உருக்குவதும், சூடான கம்பியால் ரெஜிபோம் வெட்டுவதும் மூடிய வகுப்பறையில் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் நச்சுப் புகையை இறக்குகின்றன. ரெஜிபோமிலிருந்து ஸ்டைரீன் வரும், பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைட் வரும். மருந்து, பூச்சிநாசினி உறைகளைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே கூடாது. செய்த பொருளில் சாப்பாடு வைப்பதும் வேண்டாம்.

கடைசியாக, கொழும்பில் யாரும் அசட்டையாக இருக்கக்கூடாத ஒன்று: டெங்கு. யோகட் கப்பில் நட்ட செடி, சுவரில் தொங்கவிட்ட வெட்டிய போத்தல் எல்லாம் மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கும். நுளம்பு முட்டையிட்டுப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஒவ்வொன்றின் அடியிலும் துளை போடுங்கள். தவணை விடுமுறை தொடங்கும் நாளன்று பெயர் குறித்த இரண்டு பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் தோட்டத்தைச் சுற்றி வந்து, தண்ணீர் தேங்கக்கூடியவற்றைக் கவிழ்த்துவிட்டே வீட்டுக்குப் போகவேண்டும்.