புதிய எஞ்சினோடு ட்ராக்கில் இறங்குமுன்: நான் செய்த, நீங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கட்டுக்குருந்த ரேஸ் ட்ராக்குக்குப் பயிற்சி ஓட்டம் பார்க்கப் போயிருந்தேன். கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு தம்பி, இருபத்தாறு வயது இருக்கும், புத்தம் புதிய இரண்டு கதவுக் காரின் போனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த மொடலோடதான் இந்த எஞ்சின் முதன்முதலா வருது அண்ணா. எக்ஸ்பிரஸ்வேயில எட்டாயிரம் கிலோமீற்றர் ஓடிட்டேன், ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல. வொரண்டியும் இருக்குத்தானே."

குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். அன்று காலை மாட்டிய, ட்ராக்கில் இறுக ஒட்டிப் பிடிக்கும் செமி-ஸ்லிக் ரயர்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவன் சொன்னதை எல்லாம், கிலோமீற்றரை மட்டும் மாற்றி, ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்ததிலிருந்து இப்படியான தம்பிமாரை அடிக்கடி பார்க்கிறேன். ஐந்து வருடப் பசி. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒயில் அளவு பார்ப்பது, சக்கர நட்டை இறுக்குவது, பழைய பிரேக் ஒயிலோடு போகாமல் இருப்பது போன்றவற்றை எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாமல் ட்ராக்கில் இறங்குபவருக்குக் கட்டுரை உதவாது.

ஓடிய தூரத்தைச் சாட்சிக்கு அழைப்பது

காலிக்குப் போகும் அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றரில், ஆறாவது கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,200 சுற்றில் சோம்பிக்கொண்டிருக்கும். ட்ராக்கில் அதே எஞ்சின் 7,000 சுற்றில் நிற்கும். பிஸ்டனின் எடை கொன் ரொட்டை (பிஸ்டனைக் கிராங் என்ற சுழல் தண்டோடு இணைக்கும் கம்பி) இழுக்கும் விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. கணக்குப் போட்டால் பத்து மடங்கு. அதாவது, அதிவேகப் பாதையில் ஓடிய எட்டாயிரம் கிலோமீற்றரில் அந்தத் தம்பியின் எஞ்சின் இந்தப் பரீட்சைக்கு ஒரு கேள்விகூட எழுதவில்லை.

புதிய எஞ்சின் பற்றிய வீடியோக்களிலும் இதே சிக்கல்தான். ஓட்டிப் பார்ப்பவருக்குக் கொம்பனி கொடுத்த கார், கொம்பனி கொடுத்த ஒயில், ஒரு நாள் ஓட்டம். மாலையில் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார். எஞ்சினைத் திறந்து பார்ப்பது அவர் வேலையில்லை.

"பெரிய கொம்பனி, பரிசோதிக்காமலா விடுவார்கள்?"

பரிசோதிப்பார்கள். நம்மைவிட நூறு மடங்கு பரிசோதிப்பார்கள். ஆனாலும் போர்ஷேக்கு நடந்ததைப் பாருங்கள்.

911 ஜிடி3 காரில் 1999 முதல் ஒரு பழைய வம்சத்து எஞ்சின் இருந்தது. வடிவமைத்த ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயராலேயே அதை அழைப்பார்கள். 1998இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஜிடி1 காரின் எஞ்சினோடு இரத்த உறவு உள்ளது. 2013இல் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, 9,000 சுற்று வரை போகும் 3.8 லீற்றர், 475 குதிரைவலு எஞ்சினைப் புதிதாக வைத்தார்கள். 2014 பெப்ரவரியில் உரிமையாளர்களுக்குச் செய்தி போனது: காரை ஓட்டாதீர்கள். ஐரோப்பாவில் இரண்டு கார்கள் எரிந்திருந்தன. கொன் ரொட்டைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து, ரொட் எஞ்சின் உடலை உடைத்து, வெளியே சிதறிய ஒயிலில் தீப்பிடித்திருந்தது. உலகம் முழுக்க 785 கார்கள், அத்தனைக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்தக் கதை பலருக்குத் தெரியும். எனக்கு முக்கியமாகத் தெரிவது இதன் இரண்டாம் பாகம். போல்ட் பிரச்சினை சில மாதங்களில் வெளியே வந்துவிட்டது. ஆனால் அதே எஞ்சினின் மேல்பகுதியில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் சாஃப்ட்டுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் சின்ன விரல் போன்ற பாகங்கள் தேய்வது தெரியவர வருடங்கள் எடுத்தன. கடைசியில் போர்ஷே அந்த எஞ்சினுக்கு வொரண்டியைப் பத்து வருடம்வரை நீட்டியது. 2017இல் வந்த 4 லீற்றர் எஞ்சினில் வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஹைட்ரோலிக் அமைப்பையே எடுத்துவிட்டு, தானாக மாறாத நிலையான அமைப்பை வைத்தார்கள்.

ஆகவே "ஒரு வருஷம் பொறுத்து வாங்குகிறேன்" என்பது பாதி விவேகம்தான். அதைவிட, எஞ்சினின் இரண்டாம் பதிப்பு வரும்போது எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். முதல் பதிப்பில் எது நோகிறது என்று கொம்பனி வாயால் சொல்லாது. மாற்றப்பட்ட பாகங்களின் பட்டியலில் அது இருக்கும்.

பழைய மெட்ஸ்கர் எஞ்சினைக் கோயில் கட்டிக் கும்பிடவும் தேவையில்லை. அதில் கூலன்ட் குழாய் இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ட்ராக்கில் அவை கழன்றுவிடும். ஆனால் எங்கே கழலும் என்று எல்லோருக்கும் தெரியும். வெல்டிங் செய்தோ பின் (pin) அடித்தோ சரிப்படுத்திவிட்டு ஓடலாம். நோயும் தெரியும், மருந்தும் தெரியும். புது எஞ்சினில் இரண்டும் தெரியாது.

விளக்கை நம்பாமல் சென்சரை மாற்றியது

இனி என் கதை. பல வருடங்களுக்கு முந்தியது. கார் எது, யார் செய்தது என்று சொல்லமாட்டேன். பிழையில் பெரும்பங்கு என்னுடையது.

அதுவும் புது மொடல், புது எஞ்சின், நான்கு சிலிண்டர். லீசிங்கில் எடுத்தேன். வெள்ளவத்தையிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வந்து இருபத்திரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடினேன். தலைவலி என்று ஒன்றுமில்லை. கேட்டவர், கேளாதவர் எல்லோரிடமும் "அருமையான எஞ்சின்" என்று சொல்லித் திரிந்தேன். பிறகு ட்ராக்குக்கென்று ஒட்டும் ரயர் போட்டேன். அங்கேதான் கணக்கை மாற்றினேன், மாற்றியது எனக்கே தெரியாமல்.

ரயர் ஒட்ட ஒட்டத் திருப்பத்தில் கார் தாங்கும் பக்கவிசை கூடும். அந்த விசை காரின் எடைக்குச் சமமாகும்போது சம்பில் (எஞ்சினின் அடியில் இருக்கும் ஒயில் தொட்டி) இருக்கும் ஒயில் 45 பாகை சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். ஒரு கிண்ணத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் வளைவு திரும்பிப் பாருங்கள், புரியும். ஒயிலை உறிஞ்சும் குழாய் மறுபக்கத்தில் இருந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும். கிராங்குக்கும் அதைச் சுற்றியிருக்கும் பெயரிங்குக்கும் நடுவே தலைமயிர் அளவு இடைவெளி. அதில் உலோகத்தை உலோகத்திடமிருந்து பிரித்து வைத்திருப்பது பம்ப் அனுப்பும் ஒயிலின் மெல்லிய படலம் மட்டுமே. 7,000 சுற்றில் எஞ்சின் ஒரு நொடிக்கு 116 தடவைக்கு மேல் சுற்றுகிறது. இரண்டு நொடி ஒயில் இல்லையென்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். இதற்காகத்தான் ரேஸ் கார்களில் சம்புக்குள் தடுப்புத் தகடு போடுவார்கள், அல்லது ஒயிலைத் தனித் தொட்டியில் வைப்பார்கள். பழைய எஞ்சின்களுக்கு இந்தத் தகடுகள் கடையில் கிடைக்கும். என்னுடையதற்கு உலகத்தில் எவரும் இன்னும் செய்திருக்கவில்லை. செய்யத் தேவை உண்டு என்றே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் நாள், நீளமான ஒரு வலப்பக்கத் திருப்பத்தில் ஒயில் விளக்கு, ஒயில் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு, ஒரு தடவை சிமிட்டியது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் சிமிட்டியது. மூன்றாவது சுற்றிலும்.

வெளியே வந்து ஒயில் பார்த்தேன், அளவு சரி. கராஜில் பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம், சொன்னேன். நல்ல மனிதர், கைராசிக்காரர். "புது மொடல்தானே, சென்சர் கோளாறாக இருக்கும்" என்றார். எனக்கும் அதுதான் கேட்க வேண்டியிருந்தது. சென்சரை மாற்றினோம். இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்த இடத்தை நினைத்துத்தான். பழுதான சென்சர் நினைத்த நேரத்தில் சிமிட்டும். ஒரே திருப்பத்தில், ஒரே இடத்தில், மூன்று சுற்றிலும் சிமிட்டினால் அது சென்சர் அல்ல என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புது எஞ்சின் என்ற மயக்கத்தில் நான் அதை யோசிக்கவே மறுத்தேன்.

அடுத்த முறை ஏழாவது சுற்றில் "டக் டக் டக்" என்று உள்ளே யாரோ கதவு தட்டினார்கள்.

திறந்தபோது இரண்டாம் சிலிண்டரின் பெயரிங் செம்பு நிறத்தில் பல்லைக் காட்டியது. கிராங் கீறிப்போயிருந்தது. அப்புறம் தொடங்கியது உண்மையான செலவு. கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறினேன். எஞ்சின் இலக்கத்தைச் சொன்னால் கடைக்காரர்கள் என் முகத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பாவித்த எஞ்சின் வாங்கலாம் என்றால், மொடல் புதிது. இடிபட்டு உடைத்து விற்கப்பட்ட கார் ஒன்றுகூட இன்னும் இல்லை. பதினொரு மாதம் கார் எங்கள் ஒழுங்கையில் படங்குக்கு அடியில் கிடந்தது. லீசிங் தவணை மட்டும் மாதம் தவறாமல் போனது. அம்மா அதன் மேல் மிளகாய் காயவைத்தார். "இதுக்காவது உதவுதே" என்று ஒரு நாள் சொன்னார், நான் பதில் பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் புகழ்ச்சியைக் கேட்டு ஒரு நண்பன் அதே காரை வாங்கியிருந்தான். அவன் ட்ராக்குக்குப் போகவில்லை, அதனால் அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் விற்கும்போது அந்த எஞ்சினின் பெயர் ஊரில் கெட்டுப்போயிருந்தது. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சொந்த அளவுகோல் உண்டு. பஞ்சிகாவத்தையில் ஓர் எஞ்சினின் பெயரிங் மூன்று அளவில் கிடைக்கிறது என்றால், போதிய அளவு பேர் அதை உடைத்துப் பார்த்துவிட்டார்கள். அப்போது நானும் வருகிறேன்.

வொரண்டி

ரேஸுக்குச் செல்லாது என்ற வரி அநேகமான வொரண்டிப் புத்தகங்களில் இருக்கும். முதலில் அதைத் தேடிப் படியுங்கள்.

ஜப்பானுக்குப் போன கடிதம்

இது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. ஜப்பானில் ஏலத்தில் எடுத்த காருக்கு ரீகோல் (குறையைச் சரிசெய்யக் கொம்பனி காரைத் திரும்ப அழைப்பது) வந்தால் கடிதம் அங்கே பதிவாகியிருக்கும் உரிமையாளருக்குத்தான் போகும்; கார் நம் வீட்டு வாசலில் நிற்கும். எஞ்சினில் குறை என்று கொம்பனியே ஒத்துக்கொண்ட பிறகும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜப்பானியக் கொம்பனிகளின் இணையத்தளத்தில் செசி இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம். வாங்குமுன் ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஐந்து நிமிட வேலை.

சூட்டை மறப்பது

2015இல் வந்த கோர்வெட் ஸீ06, சூப்பர்சார்ஜர் பொருத்திய 6.2 லீற்றர், 650 குதிரைவலு. ட்ராக்கில் சூடேறித் தானே வலுவைக் குறைத்துக்கொள்கிறது என்று முறைப்பாடுகள் வந்தன. 2017 மொடலில் போனெட்டின் காற்றுத் துவாரத்தைப் பெரிதாக்கினார்கள். நம் ஊரில் காலை பத்து மணிக்கே 30 பாகையை நெருங்கிவிடும். ஒயிலின் வெப்பநிலையைக் காட்டும் மீற்றர் இல்லாமல் புது எஞ்சினை ஓட்டாதீர்கள். 130 பாகையைத் தொட்டால் நான் கையைத் தளர்த்திவிடுவேன்.

பெற்றோல்

ஜப்பானில் உயர்தரப் பெற்றோல் 100 ஒக்டேன் அளவில் இருக்கும். அதை நம்பிச் செய்த எஞ்சினுக்கு இங்கே 95க்குக் கீழே ஊற்றவேண்டாம்.

காந்தத்தால் மனதைத் தேற்றிக்கொள்வது

வடித்த ஒயிலில் காந்தத்தை விட்டு, "ஒன்றும் ஒட்டவில்லை, எஞ்சின் நல்லா இருக்கு" என்று படம் அனுப்புகிறார்கள். பெயரிங்கின் மேற்பூச்சு அலுமினியம், வெள்ளீயம், ஈயம், செம்பு வகை. எதுவும் காந்தத்தில் ஒட்டாது. நீங்கள் பயப்படவேண்டிய உலோகத்தைத் தவிர மற்றதைத்தான் காந்தம் தேடித் தருகிறது.

ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பிறகும் ஒயில் பில்டரை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, பிழிந்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்புத் தூள் இருந்தால் அடுத்த ஓட்டத்தை மறந்துவிடுங்கள். இரும்பறுக்கும் வாளால் மட்டும் வெட்டாதீர்கள். வாளின் துகள் உள்ளே விழுந்து, இல்லாத நோயைக் காட்டும். பில்டர் வெட்டும் கருவி என்றே ஒன்று உண்டு.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா?

தினசரி ஓட்டத்துக்கு என்றால் வாங்குங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ட்ராக்குக்கு என்றால், இன்னொரு எஞ்சினின் விலையும் அது வந்து சேரும்வரை கட்டவேண்டிய தவணையும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் பதிப்பு வரட்டும். அதுவரை ட்ராக்குக்கு ஒரு பழைய, எல்லோரும் திட்டித் தீர்த்த எஞ்சின் போதும்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் அங்கே நின்று சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டான், நான் கேட்டேனா? ஒன்று மட்டும் கேட்டேன்: "ஒயில் விளக்கு எங்கேயாவது சிமிட்டியதா?" கொஞ்சம் யோசித்தான். "கடைசித் திருப்பத்தில ஒரு தடவை. சென்சரா இருக்கும் அண்ணா."

சனிக்கிழமை கராஜுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பில்டரைக் கழற்றி, ஒயில் வடிய விட்டு, தலைகீழாகப் பையில் போட்டுக் கொண்டுவருவான். வெட்டும் கருவி என்னிடம் இருக்கிறது.