பனடோல் வாங்க வந்தவள்

பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊர் திரும்பிய பெண் அவள். ஒரே மாலையில் மூன்று முறை என் மருந்துக்கடைக்கு வந்தாள். முதலில் பனடோல். பிறகு இருமல் மிட்டாய். மூன்றாம் முறை, கடை காலியாகும்வரை ஷாம்பு அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டாள்.

"எத்தனை நாளாகிறதம்மா?"

"ஆறு நாள் அக்கா."

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் கல்லாவில் நிற்பவள் சித்தி மகள். வரிசையில் நிற்பவர் கோயில் கமிட்டிக்காரர். தயக்கம் புரிகிறது. ஆனால் அவள் கேட்ட அந்த லெவோநோர்ஜெஸ்ட்ரல் மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். முதல் நாளே என்றால் இன்னும் நல்லது. அது கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும், உருவான கருவைக் கலைக்காது. விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும். அடுத்தடுத்த நாள்களுக்கும் அதுவே காவல் என்று நினைப்பதும் தவறு. ஆறாம் நாள் வந்தவளுக்கு நான் தர முடிந்தது கர்ப்பச் சோதனைக் குச்சி ஒன்றுதான். அதையும் உறவுக்கு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால்தான் முடிவை நம்பலாம்.

பையன்களின் தவறும் ஒளித்து வைப்பதில்தான் தொடங்குகிறது. அம்மா கண்ணில் படக்கூடாதென்று ஆணுறையை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். செம்பனைத் தோட்ட ஓரம் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டி அது, சூட்டில் உறை கெட்டுவிடும். வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் சில நிமிடங்களிலேயே ரப்பர் பலமிழக்கும். ரப்பர் பால்மரம் சீவிய தாத்தாக்களின் பேரன்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது! இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் உரசிக் கிழியும். பால்வினை நோயையும் தடுக்க உதவுவது ஆணுறை. மாத்திரைக்கு அந்த வேலை தெரியாது.

கடைசி நேரத்தில் விலகிக்கொள்ளும் முறையை ஓராண்டு நம்பும் 100 ஜோடிகளில் ஏறக்குறைய 20 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது.

அண்ணியின் தினசரி மாத்திரை அட்டையிலிருந்து நாலைந்தை எடுத்துக்கொள்வது இன்னொரு வழக்கம். அண்ணிக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஆகாமல் போகலாம். இரத்த அழுத்தம், கண்முன் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை ஆபத்து. வலிப்பு, காசநோய் மருந்துகள் சில அதன் பலனைக் குறைத்துவிடும். அதனால்தான் நாங்கள் இத்தனை கேள்வி கேட்கிறோம், வம்பளக்க அல்ல.

கடையில் ஆள் இருந்தால் தாளில் எழுதி நீட்டுங்கள். அதுவும் கூச்சமென்றால் பக்கத்து நகரமான ஈப்போவுக்குப் பஸ் ஏறுங்கள், அங்கே உங்கள் சித்தியை யாருக்கும் தெரியாது. அன்றைக்கே ஏறுங்கள்.